மொபைல் நெட் ஸ்லோவா இருந்தா கஸ்டமர் கேர்ல எப்படி புகார் குடுக்கணும்: கடலூர், பாண்டி மக்களுக்கு முழுமையான வழிகாட்டி

நெட் ஸ்லோன்னு கஸ்டமர் கேருக்கு போன் போட்டு, "போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்"னு சொன்னதை கேட்டு வெச்சுட்டு, மறுநாள் திரும்ப போட்டு அதே பதிலை கேட்டு, கடைசில சலிச்சுப் போய் விட்டுடறவங்கதான் இங்க நிறைய பேர். மஞ்சக்குப்பத்துல நான் வெச்சிருக்கிற பிரவுசிங் சென்டருக்கு அப்ளிகேஷன் போட வர்றவங்களுக்கு இந்த புகாரையும் கூட உக்காந்து பண்ணிக் குடுக்கறேன், அதுல பார்த்தது என்னன்னா பெரும்பாலானவங்க கோட்டை விடறது வரிசையிலதான். மேல ஒருத்தர்கிட்ட போகணும்னா கீழ வாங்கின புகார் நம்பர் கையில இருக்கணும், அந்த நம்பர் உருப்படியா வாங்கணும்னா போன் போடறதுக்கு முன்னாடியே ஆதாரம் ரெடியா இருக்கணும். அதனால கீழ இருக்கிற வரிசையை மாத்தாம போங்க.

1. முதல்ல டேட்டா மீதி எவ்ளோன்னு பாருங்க

சாயங்காலம் ஆனா ஸ்லோ ஆகுதுன்னு வர்றவங்கள்ல நிறைய பேருக்கு அன்னிக்கு டேட்டாவே தீர்ந்து போயிருக்கும். தினம் 1.5 ஜிபி, 2 ஜிபி பேக்ல லிமிட் முடிஞ்சதும் நெட் சுத்தமா கட் ஆகாது, 64 கேபிபிஎஸ்னு ஒரு ஆமை வேகத்துக்கு இறங்கிடும். வாட்ஸ்அப் மெசேஜ் மட்டும் தட்டுத் தடுமாறி போகும், வேற எதுவும் ஓடாது. இது கம்பெனி தப்பு இல்ல, பேக்லயே அப்படித்தான் போட்டிருக்கு. கம்பெனி ஆப்ல போய் இன்னிக்கு மீதி எவ்ளோன்னு பாருங்க.

கூடவே போன்ல எந்த ஆப் டேட்டாவை குடிக்குதுன்னும் பாருங்க, செட்டிங்ஸ்ல டேட்டா யூசேஜ்ல தெரியும். போட்டோ பேக்கப், வாட்ஸ்அப் பேக்கப், பிளே ஸ்டோர் அப்டேட் மூணும் வைஃபைல மட்டும்னு மாத்துங்க. விபிஎன் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, டேட்டா சேவரும் ஆஃப் பண்ணுங்க, இல்லன்னா கஸ்டமர் கேர்ல அதைச் சொல்லியே உங்களை திருப்பி அனுப்பிடுவாங்க.

2. கோளாறு போன்லயா, சிம்லயா, டவர்லயா?

இதுக்கு பக்கத்து வீட்டுல ஒருத்தர் உதவி வேணும். உங்க சிம்மை அவங்க போன்ல போடுங்க, அவங்க சிம்மை உங்க போன்ல போடுங்க. அவங்க சிம் வேற கம்பெனியா இருந்து உங்க போன்ல நல்லா ஓடிச்சுன்னா உங்க போன் மேல தப்பு இல்லன்னு ஆயிடும். உங்க சிம் அவங்க போன்லயும் ஸ்லோன்னா சிம்மோ டவரோதான். இன்னும் உறுதி வேணும்னா அதே கம்பெனி சிம் வெச்சிருக்கற இன்னொருத்தரை அதே எடத்துல நின்னு பாக்க சொல்லுங்க, அவருக்கும் ஸ்லோன்னா டவர் பக்கம்தான் கோளாறு, அவருக்கு நல்லா வந்தா உங்க சிம்மை மாத்தி பாக்கணும்.

கஸ்டமர் கேர்ல மொத கேள்வியே "வேற போன்ல போட்டு பார்த்தீங்களா"ன்னுதான் வரும். இல்லன்னு சொன்னா அத்தோட பேச்சு முடிஞ்சுது.

இதோட ஏபிஎன் செட்டிங்கையும் (சிம்மை கம்பெனி நெட்டோட இணைக்கிற செட்டிங்) டிஃபால்ட்டுக்கு ரீசெட் பண்ணிடுங்க, ஏர்பிளேன் மோட் போட்டு எடுங்க, போனை ரீஸ்டார்ட் பண்ணுங்க. என்னிக்கு எத்தனை மணிக்கு பண்ணீங்கன்னு குறிச்சு வைங்க. அவங்க செய்யச் சொல்றதை எல்லாம் நீங்க ஏற்கனவே செஞ்சிருந்தா அந்த பேச்சை ஒரு நிமிஷத்துல தாண்டிடலாம்.

5ஜி போனா இருந்தா ஒரு விஷயம். 5ஜி சிக்னல் ஓரமா எட்டியும் எட்டாம இருக்கிற எடத்துல போன் 5ஜிக்கும் 4ஜிக்கும் மாறி மாறி தாவிக்கிட்டே இருக்கும், அதுலயே வேகம் போயிடும். போனோட சாதாரண செட்டிங்ஸ்ல நெட்வொர்க் மோடை 4ஜிக்கு மாத்தி ஒரு நாள் வெச்சு பாருங்க. அதுல சரியாச்சுன்னா புகார்ல "5ஜில மட்டும் பிரச்சனை"ன்னு தெளிவா சொல்லலாம்.

3. சிக்னலும் பாருங்க, ஸ்பீடும் பாருங்க, ரெண்டும் வேணும்

நிறைய பேர் ஸ்பீடு டெஸ்ட் மட்டும் எடுத்துட்டு வருவாங்க. அது பத்தாது. சிக்னல் எவ்ளோ இருக்கும்போது அந்த ஸ்பீடு வந்துச்சுன்னு தெரிஞ்சாதான் கோளாறு எதுன்னு சொல்ல முடியும்.

போன்ல கோடு கோடா தெரியறதை நம்பாதீங்க, அது ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி காட்டும். ஆண்ட்ராய்டா இருந்தா அபவுட் போன்ல சிம் ஸ்டேட்டஸ்ல சிக்னல் ஸ்ட்ரெங்த்னு டிபிஎம்ல ஒரு மைனஸ் நம்பர் இருக்கும். பல போன்ல *#*#4636#*#* டயல் பண்ணாலும் வரும், ஆனா அந்த மெனுல நெட்வொர்க் டைப்பை மாத்தாதீங்க, 4ஜி மட்டும்னு வெச்சுட்டு வோல்ட்டி (4ஜிலயே கால் பேசற வசதி) சரியா இல்லன்னா போன் கால் வராம போயிடும். 4ஜில −90, அதைவிட பூஜ்யத்துக்கு கிட்ட இருந்தா சிக்னல் நல்லா இருக்கு. −100லேருந்து −110 வரைக்கும் வீக். அதுக்கும் கீழ −115, −120ன்னு போச்சுன்னா ரொம்ப மோசம்.

ஸ்பீடு டெஸ்டுக்கு டிராயோட மைஸ்பீட் ஆப்பை போடுங்க. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே விட்ட ஆப்புங்கறதால அந்த ரிசல்ட்டை காட்டும்போது "அது எங்க ஆப் இல்ல"ன்னு தள்றது கஷ்டம். 5ஜில ஒரு டெஸ்டுக்கே நூத்துக்கணக்குல எம்பி போகலாம், அதனால சும்மா சும்மா தட்டாதீங்க, டெஸ்ட் எடுத்தே அன்னிக்கு டேட்டா தீர்ந்துடும்.

ரிசல்ட் எம்பிபிஎஸ்ல (செகண்டுக்கு எத்தனை மெகாபிட்) வரும், டவுன்லோட் ஆகும்போது எம்பில (மெகாபைட்) காட்டும். எட்டால வகுக்கணும். 8 எம்பிபிஎஸ் வந்தா செகண்டுக்கு ஒரு எம்பி இறங்கும். இது தெரியாம "8 வருதுன்னு காட்டுது ஆனா 1தான் வருது"ன்னு புகார்ல எழுதினா அந்த ஒரு வரிக்காகவே மத்ததையும் நம்ப மாட்டாங்க.

எப்போ எடுக்கணும்னா காலைல ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, ராத்திரி எட்டு மணி ஒன்பது மணி வாக்குல ஒண்ணு, ரெண்டு மூணு நாளைக்கு. வீட்டுக்குள்ள ஒரு தடவை, அப்படியே தெருவுல இறங்கி நின்னு ஒரு தடவை. எதுக்கு தெருன்னா, கம்பெனி ஆளு வந்து அளந்தா ரோட்டுல நின்னுதான் அளப்பாரு, அங்க நல்லா இருந்துச்சுன்னா "உங்க வீட்டு கான்கிரீட்டால வருது"ன்னு எழுதி மூடிடுவாங்க. தெருவுலயே மோசம்னு உங்ககிட்ட இருந்தா அப்படி எழுத முடியாது. ஒரு நோட்டுல இந்த மாதிரி எழுதுங்க:

"வெள்ளி, ராத்திரி 8.40, வீட்டு வாசல், 4ஜி, சிக்னல் −84, டவுன்லோட் 0.9, அப்லோட் 0.2, பிங் 310."

பிங்னா பதில் வர ஆகிற நேரம், மில்லிசெகண்ட்ல. இந்த ஒரு வரியைப் பாருங்க. சிக்னல் −84, ரொம்ப நல்லா இருக்கு. ஆனா ஸ்பீடு ஒண்ணு கூட வரல. அப்படின்னா டவர் பக்கத்துலதான் இருக்கு, அதுல ஒரே நேரத்துல நிறைய பேர் ஏறிட்டாங்கன்னு அர்த்தம். இது நெரிசல். இதே சிக்னல் −114 இருந்து ஸ்பீடு இல்லன்னா அது கவரேஜ் பிரச்சனை. ரெண்டுக்கும் வைத்தியம் வேற. நெரிசல்னா டவர்ல கெப்பாசிட்டி கூட்டணும், கவரேஜ்னா ஆன்டெனா திசையை மாத்தணும், இல்ல புது டவர் போடணும். நெரிசலுக்கு கவரேஜ்னு புகார் பதிவாச்சுன்னா, அவங்க சிஸ்டத்துல பார்த்துட்டு "உங்க ஏரியால சிக்னல் நல்லா இருக்கு"ன்னு மூடிடுவாங்க, அவங்க சொன்னதும் உண்மைதான், உங்க கஷ்டமும் உண்மைதான். இங்கதான் முக்கால்வாசி புகார் வீணாப் போகுது.

சில நேரம் நெரிசல் எதிர்பார்த்ததுதான். சனி ஞாயிறு பாண்டி பீச் ரோடு, மாசி மகத்தன்னிக்கு தேவனாம்பட்டினம், இங்கெல்லாம் அந்த ஒரு நாள் எடுத்த ரிசல்ட்டை ஆதாரமா வைக்காதீங்க. சாதாரண வார நாள்ல ராத்திரி ராத்திரி படுத்துக்குதுன்னாதான் கேஸ் பலமா இருக்கும்.

4. எடத்தை சரியா சொல்ல ரெடி பண்ணுங்க

"கடலூர்"னு சொன்னா பத்தாது, "திருப்பாதிரிப்புலியூர்"னு சொன்னாலும் பத்தாது. மேப்ல உங்க வீட்டு மேல அழுத்திப் பிடிச்சா ரெண்டு நீளமான நம்பர் வரும், அதை எழுதி வைங்க. கூட தெரு பேரு, பக்கத்துல இருக்கிற கோயிலோ ஸ்கூலோ, பின்கோடு.

பாகூர், கிருமாம்பாக்கம் பக்கம் இருக்கறவங்க இதை கூடுதலா கவனிங்க. ஊரு புதுச்சேரி, ஆனா பின்கோடு 607ல ஆரம்பிக்கும், கடலூர் பின்கோடு மாதிரியே. கஸ்டமர் கேர்ல பின்கோடை அடிச்சதும் கடலூர் மாவட்டம்னு எடுத்துக்கிட்டு போயிடுவாங்க, புகார் வேற டீமுக்கு சுத்திட்டு வரும். அதனால மேப் நம்பரை கட்டாயம் பதிய சொல்லுங்க. டெலிகாம் கணக்குல நாட்டை சர்க்கிள் சர்க்கிளா பிரிச்சிருக்காங்க, புதுச்சேரி தமிழ்நாடு சர்க்கிள்லதான் வருது, அதனால கம்பெனியோட தமிழ்நாடு கஸ்டமர் கேரும் அப்பீல் அதிகாரியும்தான் (இவரைப் பத்தி 8வது படில சொல்றேன்) உங்களுக்கும்.

இன்னொன்னு, 2024ல வந்த டிராய் விதிப்படி எந்த எடத்துல 4ஜி இருக்கு எங்க 5ஜி இருக்குன்னு கம்பெனிங்க தங்களோட வெப்சைட்ல மேப்பா போடணும். உங்க தெருல 4ஜி இருக்குன்னு மேப்ல இருக்கா பாருங்க, இருந்தா ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க. அவங்க மேப்பே உங்களுக்கு சாட்சி.

5. 198க்கு போடுங்க, 121க்கு போடாதீங்க

198தான் புகாருக்கு, இலவசம். 121 தகவல் கேக்க. ஆப்ல இருக்கிற சாட்லயும் நேரா புகார் எண் வராம பேச்சை முடிச்சுடுவாங்க. புது பேக் விக்கறதுக்கு இருக்கிற ஆளுகிட்ட நெட் ஸ்லோன்னு சொன்னா அவங்களும் பாவம் என்ன பண்ணுவாங்க.

கூகுள்ல "கஸ்டமர் கேர் நம்பர்"னு தேடி வர்ற பத்து இலக்க நம்பருக்கு போன் போடவே கூடாது. அதுல பாதி மோசடி. சிம்மை 5ஜிக்கு மாத்தித் தரேன், ஸ்க்ரீன் ஷேர் ஆப் போடுங்க, ஓடிபி சொல்லுங்கன்னு எவன் கேட்டாலும் கட் பண்ணிடுங்க. எக்ஸ்லயோ ஃபேஸ்புக்லயோ உங்க நம்பரோட புகாரைப் போட்டாலும் கம்பெனி மாதிரியே பேரு வெச்ச போலி அக்கவுண்ட்ல இருந்து பதில் வரும். பணம் போயிடுச்சுன்னா உடனே சைபர் மோசடி உதவி எண் 1930க்கு போடுங்க.

ஆள்கிட்ட பேசற ஆப்ஷன் வந்ததும் தமிழ் எடுங்க. கோவம் இருக்கும், நியாயம்தான், ஆனா எதிர்ல இருக்கிற பொண்ணோ பையனோ டவரை கட்டல. முறையா, வரிசையா சொல்லுங்க:

"வணக்கம் மேடம். ஸ்லோ டேட்டா ஸ்பீடுன்னு ஒரு புகார் பதியணும். வார நாள்ல ராத்திரி ஏழுலேருந்து பதினொண்ணு வரைக்கும் ஒரு எம்பிபிஎஸ் கூட வரல, சிக்னல் −84 இருக்கு. காலைல 20 வருது. வேற போன்ல போட்டு பார்த்துட்டேன், ஏபிஎன் ரீசெட் பண்ணிட்டேன், ரீஸ்டார்ட் பண்ணிட்டேன். டேட்டா மீதி இருக்கு. இதே கம்பெனி சிம் வெச்சிருக்கற பக்கத்து வீட்டுக்காரருக்கும் இதேதான். லொகேஷன் நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

இப்படி சொன்னா அவங்ககிட்ட இருக்கிற கேள்வி லிஸ்ட் அங்கயே தீர்ந்துடும். நேரம் சொல்றதை மறந்துடாதீங்க. சொல்லலன்னா அவங்க நெட்வொர்க் ஆளு பகல் பதினோரு மணிக்கு செக் பண்ணுவாரு, அப்ப எல்லாம் சூப்பரா ஓடும், "நோ இஷ்யூ"ன்னு மூடிடுவாரு.

போனை வைக்கறதுக்கு முன்னாடி மூணு விஷயம் வாங்குங்க: புகார் எண், எத்தனை நாளைக்குள்ள சரியாகும்ங்கற தேதி, எந்த வகைல பதிஞ்சிருக்காங்கன்னு. புகார் எண்ணும் கெடு தேதியும் எஸ்எம்எஸ்ல வரணும், இது விதி. "நோட் பண்ணிக்கிட்டேன் சார், பாத்துக்கறேன்"னு சொன்னா அது புகாரே இல்ல. எஸ்எம்எஸ் வர்ற வரைக்கும் லைன்லயே இருங்க.

6. கெடு முடியற வரைக்கும் என்ன பண்ணணும்

தெரியாத நம்பர்ல இருந்து கால் வந்தா எடுங்க. நெட்வொர்க் டீம்லேருந்து கூப்பிட்டு நீங்க எடுக்கலன்னா "கஸ்டமர் நாட் ரீச்சபிள்"னு போட்டு மூடிடறாங்க. மீன் மார்க்கெட்லயோ கம்பெனில ஷிப்ட்லயோ இருந்து எடுக்க முடியாதவங்க, வீட்டுல இருக்கிறவங்க நம்பரை மாத்து நம்பரா குடுத்து, அவங்ககிட்ட நோட்டையும் குடுத்து வைங்க.

இன்னொரு புது புகார் போடாதீங்க. தினம் ஒண்ணு போட்டா வேகமா நடக்கும்னு நெனைக்கறாங்க, நடக்கறது தலைகீழ். ஒவ்வொரு புது எண்ணுக்கும் கெடு புதுசா ஆரம்பிக்கும், பழசு "டூப்ளிகேட்"னு மூடப்படும், மேல போகும்போது எந்த எண்ணை காட்டறதுன்னே தெரியாது. ஒரே எண்ணை பிடிச்சுக்கிட்டு நில்லுங்க.

புயல் மழை நேரம் மட்டும் கணக்கு வேற. ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் கடைசில புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ மாதிரி கரண்டே இல்லாத நாள்ல டவர் பேட்டரில ஓடி ஓடி நின்னுடும், அப்ப புகார் போட்டு பிரயோஜனம் இல்ல. சாதாரண நாள்ல மாவட்ட அளவுல 24 மணி நேரத்துக்கு மேல நெட்வொர்க்கே சுத்தமா இல்லன்னா போஸ்ட்பெய்டுக்கு பில்லுல கழிக்கணும், ப்ரீபெய்டுக்கு வேலிடிட்டி நீட்டணும்னு புது விதில இருக்கு, ஆனா இயற்கை சீற்றத்துக்கு அதுல விலக்கு. நெட் ஸ்லோங்கறது இந்த கணக்குல வராது.

7. "சரி செய்யப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்தா

அன்னிக்கு ராத்திரியே, அதே நேரம், அதே வாசல்ல நின்னு டெஸ்ட் எடுங்க. சரியாயிருந்தா சந்தோஷம், ஒரு வாரம் கவனிங்க. சரியாகலன்னா 198க்கு போட்டு பழைய எண்ணைச் சொல்லி, தீரல, நான் ஒத்துக்கலன்னு சொல்லுங்க. திரும்ப திறந்தா நல்லது. திறக்க முடியாது, புதுசா போடறோம்னு சொன்னா வேணாம்னு சொல்லிட்டு அடுத்த படிக்கு போங்க.

8. அப்பீல்

இப்படி ஒண்ணு இருக்கறதே நிறைய பேருக்கு தெரியாது, கஸ்டமர் கேர்லயும் அவங்களா சொல்றது அபூர்வம். ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு சர்க்கிளுக்கும் ஒரு அப்பீல் அதிகாரி வெச்சிருக்கணும், 2012ல வந்த டிராய் ஒழுங்குமுறை இது. ஒரு பைசா செலவு இல்ல, வக்கீல் வேணாம். கெடு முடிஞ்சு 30 நாளைக்குள்ள போடணும், அவங்க 39 நாளைக்குள்ள முடிவு சொல்லணும். ஈமெயிலும் போன் நம்பரும் கம்பெனி வெப்சைட்லயும் டிராயோட புகார் மையப் பக்கத்துலயும் இருக்கும், தமிழ்நாடுன்னு பார்த்து எடுங்க.

மெயில்ல கதை எழுதாதீங்க. புகார் எண், பதிஞ்ச தேதி, அவங்க மூடின தேதி, என்ன பதில் சொன்னாங்க, மூடினதுக்கு அப்புறம் எடுத்த டெஸ்ட் ரிசல்ட், லொகேஷன் நம்பர், உங்களுக்கு என்ன வேணும். கடைசி விஷயம் முக்கியம். "தக்க நடவடிக்கை எடுக்கவும்"னு எழுதினா அவங்களும் "தக்க நடவடிக்கை எடுக்கப்பட்டது"ன்னு எழுதிடுவாங்க. "இந்த டவர்ல ராத்திரி 7லேருந்து 11 வரைக்கும் இருக்கிற நெரிசல் எப்போ தீரும்னு தேதியோட எழுத்துல குடுங்க"ன்னு கேளுங்க. தேதி குடுத்துட்டு செய்யலன்னா அந்த பதிலே அடுத்த எடத்துல ஆதாரம்.

அதே தெருவுல நாலஞ்சு பேர் தனித்தனியா புகார் எண் வாங்கியிருந்தா எல்லா எண்ணையும் ஒரே மெயில்ல போடுங்க. ஒரு சிம் பிரச்சனைன்னு ஒதுக்க முடியாது.

9. அதுக்கும் மேல

டிராய்க்கு நேரா எழுதறாங்க சிலர். டிராய் தனிநபர் புகாரை எடுத்து விசாரிக்காது, கம்பெனிக்கு அனுப்பி வைக்கும், அவ்வளவுதான். அப்பீல்லயும் நடக்கலன்னா தொலைத்தொடர்பு துறையோட குறைதீர் பிரிவு, நம்பர் 1063, இல்லன்னா மத்திய அரசோட பிஜி போர்ட்டல்ல தொலைத்தொடர்பு துறையை தேர்ந்தெடுத்து போடலாம். அங்கயும் மொத கட்டமே கம்பெனில வாங்கின புகார் எண்தான் கேக்கும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915லயும் தமிழ்ல பேசலாம்.

காசு நஷ்டம் ஆயிருக்கு, இழப்பீடு வேணும்னா மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டெலிகாம் புகாரை அங்க கொண்டு போக முடியாதுன்னு கம்பெனிங்க சொல்லிட்டு இருந்தது, போகலாம்னு 2022ல உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. 2019 சட்டப்படி நீங்க குடியிருக்கிற மாவட்டத்துலயே போடலாம், 5 லட்சம் வரைக்கும் ஃபீஸ் இல்ல, ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும். 300 ரூபாய் பேக்குக்காக இவ்ளோ தூரம் போகணுமான்னா, என்னோட கருத்து வேணாம். ஆனா வீட்டுலேருந்து ஐடி வேலை பாக்கறவங்க, ஆன்லைன்ல கிளாஸ் எடுக்கறவங்க, கைல நோட்டும் அப்பீல் பதிலும் இருந்தா தயங்காம போங்க.

10. போர்ட் பண்றது

போர்ட்னா நம்பரை மாத்தாம வேற கம்பெனிக்கு மாறறது. இதை கடைசில வெச்சதுக்கு காரணம் இருக்கு. விளம்பரத்தைப் பார்த்து மாறிட்டு, புது கம்பெனியும் அதே தெருவுல அதே ராத்திரி அதே மாதிரி படுத்துக்கிட்டு, 90 நாள் வேற எங்கயும் போக முடியாம மாட்டிக்கறாங்க. அதனால மாறப் போற கம்பெனி சிம்மை யார்கிட்டயாவது வாங்கி, 3வது படில சொன்ன மாதிரி உங்க வாசல்ல ராத்திரில டெஸ்ட் எடுங்க. முத்தியால்பேட்டைல நல்லா இருக்கிறது அரியாங்குப்பத்துல இருக்கணும்னு இல்ல.

நல்லா இருந்தா, இங்கிலீஷ்ல PORTனு பெரிய எழுத்துல அடிச்சு, ஒரு எடம் விட்டு, உங்க பத்து இலக்க நம்பரை போட்டு 1900க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்க. எட்டு எழுத்து கோடு வரும், நாலு நாளைக்குதான் செல்லும், அதை எடுத்துக்கிட்டு ஆதாரோட புது கம்பெனி கடைக்கு போங்க. போஸ்ட்பெய்டா இருந்தா பில் பாக்கியை முன்னாடியே கட்டிடுங்க, இல்லன்னா கோடே வராது. ப்ரீபெய்டுல மீதி இருக்கிற டேட்டாவும் பேலன்ஸும் கூட வராது, அதனால பேக் முடியற சமயமா பார்த்து பண்ணுங்க. தமிழ்நாடு சர்க்கிளுக்குள்ளயே மாறினா மூணு வேலை நாள் ஆகும், பாண்டிலேருந்து கடலூர் வந்தவங்களுக்கும் இதேதான். பழைய சிம் செத்து புது சிம் உயிர் வர்றதுக்கு நடுவுல கொஞ்ச நேரம் ரெண்டுமே வேலை செய்யாது, அன்னிக்கு பேங்க் ஓடிபி, காஸ் புக்கிங், ரிசர்வேஷன் எதையும் வெச்சுக்காதீங்க.